ஏசுவதற்கு ஒருத்தி

கதவைத் தட்டிய பெண்ணின் கையில், செய்தித்தாளில் சுற்றிச் சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு பொதி இருந்தது. காலை மழை இன்னும் விடவில்லை. கண்டி கட்டுக்கலையில் எங்கள் வீட்டுக்கு ரோட்டிலிருந்து படி ஏறித்தான் வர வேண்டும். ஏறிய களைப்பில் அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடையைப் பொதிக்குத்தான் பிடித்துக்கொண்டு வந்திருப்பாள் போல, தோள் இரண்டும் நனைந்திருந்தன.

கதவைத் திறந்தது என் கணவர். மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சாரமும் பனியனுமாக நின்றார். காலையில் யார் வந்து தட்டினாலும் வீட்டுக்குக் கட்டும் சோலைவரியை விசாரிக்க வந்தவர் என்ற நினைப்பு அவருக்கு இன்னும் போகவில்லை.

"அம்மா இருக்காங்களா? ஐயா போய்ட்டாருன்னு கேள்விப்பட்டேன். கம்பளைப் பக்கத்துல இருந்து வர்றேன்," என்றாள் அவள்.

எந்த ஐயா என்று இவர் கேட்டார். அம்மாவோட வீட்டுக்காரர் என்றாள்.

"அவங்க வீட்டுக்காரன் நான்தானே," என்றார் இவர்.

அவள் இவரை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. தம்பியோ கொழுந்தனோ, பாவம், துக்கத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறார் என்று நினைத்திருப்பாள். இவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "பாக்கியம்மா" என்று கூப்பிட்டாள்.

நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரைக் கேட்டதுமே விஷயம் விளங்கிவிட்டது. அவள் தேடி வந்தது ராஜேஸ்வரி என்கிற என்னை அல்ல. செத்துப்போனதும் ராஜேஸ்வரியின் கணவர் அல்ல.

இரண்டு குடித்தனம்

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு வேலுச்சாமியைத் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாக்கியமும் வேலுச்சாமியும் புருஷன் பெண்டாட்டி. தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் குடியிருப்பவர்கள். பாக்கியம் ஒன்று வாங்கி வரச் சொல்வாள், வேலுச்சாமி இன்னொன்றை வாங்கி வருவான். அதில் தொடங்கும் சண்டை. முதலில் வானொலியில் வந்தது. பிறகு கோயில் திருவிழா, பள்ளிக்கூட மண்டபம், கல்யாண வீடு, நாவலப்பிட்டி சந்தைத் திடல் என்று முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சண்டையைப் போட்டோம். பாக்கியம் நான். வேலுச்சாமி, அக்குறணை ஹனீபா நானா. முஸ்லிம் ஆட்கள் அண்ணனை நானா என்பார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் அவருக்கு ஒரு சட்டிப் பானைக் கடை. அலுமினியச் சட்டியைத் தட்டித் தட்டிக் காட்டி வியாபாரம் செய்வார். அந்தச் சத்தத்துக்கு இடையில் அவர் விடும் கதையைக் கேட்கத்தான் பாதிச் சனம் கடைக்கு வரும். நாடகத்துக்கு ஆள் தேடியவர்கள் அங்கேதான் அவரைப் பிடித்தார்கள்.

மேடையில் நான் பேசிக்கொண்டே போவேன். மூச்சு விடாமல் ஏசுவேன். கடைசியில் வேலுச்சாமி ஒரு பதில் சொல்வான், பாருங்கள். அதோடு நான் வாயடைத்துப் போவேன். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சனம் சிரிக்கும். என்ன பதில் சொல்வார் என்று எனக்கே தெரியாது. ஒத்திகையில் சொல்ல மாட்டார். "இப்பவே சொன்னா ஒங்கட மூஞ்சி நடிக்கும்" என்பார். அவர் பதிலுக்காக மேடையில் நான் காத்து நின்றது நடிப்பே இல்லை.

எனக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு கை தூரம் இருக்கும். அது அவர் போட்ட ஏற்பாடு. சட்டியை நான் எறிவேன், அவர் பிடிப்பார். விளக்குமாற்றை ஓங்குவேன், அவர் விலகுவார். கை பட்டதே இல்லை. இத்தனை வருடத்தில் பார்த்தவர் ஒருவரும் அதைக் கவனித்ததாகச் சொன்னதில்லை. மஃரிபுக்கு நேரமானால் மேடைக்குப் பின்னால் ஒரு மூலையில் விரிப்பைப் போட்டுத் தொழுதுவிட்டு வருவார். அதுவரை நான் முன்னால் நின்று சனத்தைச் சமாளிப்பேன். அப்படித்தான் தனியாகப் பேசப் பழகினேன்.

அப்போதெல்லாம் கிழவி வேடத்துக்கு என் முகத்தில் பென்சிலால் கோடு கோடாகக் கீறுவார்கள். அழிக்கத் தேங்காய் எண்ணெய் வேண்டும். இப்போது எனக்கு மேக்கப் போட வருகிற பிள்ளை, அதே இடத்தில் இருக்கிற கோட்டை மறைக்கப் படாத பாடு படுகிறது. விடு பிள்ளை, இது காசு கொடுக்காமல் வந்த மேக்கப் என்பேன்.

விழுவதும் போய்விட்டது. பாக்கியம் கதவு நிலையில் இடித்துத் தொப்பென்று விழுவது பேர் போன விழுகை. என் முழங்கால் இரண்டையும் பார்த்துவிட்டு டொக்டர் கையெடுத்துக் கும்பிட்டார், இனி விழுந்தால் என்னிடம் வராதீர்கள் என்று.

கோடி

அந்தப் பெண்ணின் பெயர் முத்தம்மா. கதிரையில் உட்காரச் சொன்னேன், விளிம்பில் உட்கார்ந்தாள். பொதியை மடியில் வைத்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு வெள்ளைச் சேலை. மடிப்புக் கலையாத புதுச் சேலை.

எங்கள் ஆட்களில் புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கோடி கொண்டுவந்து போடுவார்கள். அதைத்தான் அவள் எனக்குக் கொண்டுவந்திருந்தாள்.

"பொறந்த வீட்டுல ஆளு இருக்கோ இல்லையோன்னு மனசு கேக்கலம்மா. எங்கம்மா செத்தப்ப எங்கப்பா சோறு திங்காம கெடந்தாரு. ரேடியோவுல ஒங்க ரெண்டு பேரு சண்டையக் கேட்டுத்தான் ஒரு நாளு சிரிச்சாரு. அன்னைக்குத்தான் சோறு கேட்டாரு," என்றாள்.

சேலையை நீட்டினாள். எனக்குக் கை எழவில்லை. பக்கத்தில் பனியனோடு என் புருஷன் குத்துக்கல்லாக நிற்கிறார். என் கழுத்தில் அவர் கட்டிய தாலி. உயிரோடு புருஷனை வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணாவது கோடி வாங்குவாளா? நான் அப்படியொன்றும் சகுனம் பார்க்கிறவள் இல்லை என்று இத்தனை நாள் பீற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தெரிந்தது, வயிற்றுக்குள் எல்லாம் இருக்கிறது.

விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா, அவர் என் புருஷன் இல்லை, கூட நடித்தவர், அவருக்குப் பெண்டாட்டி அக்குறணையில் இருக்கிறார். சொல்ல வரவில்லை. சொன்னால் அவளுக்கு அவமானமாகிவிடும் என்பது ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் போனதற்கு என்னிடம் துக்கம் கேட்டு வந்த முதல் ஆள் அவள்தான்.

"வாங்கிக்க ராஜி. நனைஞ்சுக்கிட்டு வந்திருக்காங்க," என்றார் என் கணவர்.

இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்கியதும் அழுதேன். அவளும் அழுதாள். இவர் போய்த் தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். படி இறங்கும்போது முத்தம்மா இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அக்காவத் தனியா விட்றாதீங்க" என்றாள். விட மாட்டேன் என்று இவரும் தலையாட்டினார்.

அவள் போன பிறகு, இப்படி வாங்க வைத்துவிட்டீர்களே, உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்றேன். "ஒன்னைக் கட்டி இத்தனை வருஷம் ஆவுது, இதுக்கு மேலயா ஒண்ணு ஆவப் போவுது," என்று சொல்லிவிட்டுச் சேலையை அலுமாரியில் வைத்தார்.

துக்க வீட்டில் என் முகம்

முத்தம்மா வருவதற்குச் சில நாள் முன்னால்தான் ஹனீபா நானா மௌத்தான செய்தி காலையில் போனில் வந்தது. விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. அவர்கள் வழக்கப்படி அன்றைக்கே அடக்கம். நாங்கள் ஓட்டோ பிடித்து அக்குறணைக்குப் போய்ச் சேர்ந்தபோது வீதி நிறைய ஆட்கள். இவர் ஆண்கள் பக்கம் போனார், நான் பெண்கள் பக்கம் போனேன்.

நான் ஏன் துக்க வீடுகளுக்குப் போவதில்லை என்று கேட்டு முன்பு ஒரு வாசகி எழுதியிருந்தார். தலைக்கனம் என்று நினைத்திருப்பார். அதில்லை அம்மா. என் முகத்தைக் கண்டால் சனம் சிரிக்கும். சிரிக்க வேண்டும் என்று சிரிப்பதில்லை. கண்டதும் உதடு தானாக விரிந்துவிடும், பிறகு இருக்கிற இடம் ஞாபகம் வந்து மூடிக்கொள்வார்கள். நானே பெற்றெடுத்த வேலை அது, யாரை நோக முடியும்? என் சொந்த அண்ணன் செத்தபோது ஒப்பாரி வைத்தேன், பின்னால் இரண்டு பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாக்கியத்தின் அழுகை அவ்வளவு பேர் போனது. என் அழுகையை நான் எப்போதோ விற்றுவிட்டேன்.

அன்றைக்கும் அப்படித்தான். உள்ளறைக்குள் கால் வைத்தேன், சுவரோரம் இருந்த பெண்களில் ஒருத்தியின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். நான் பின்னால் அடுப்படிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். முகம் பார்க்கிறவர்கள் வரலாம் என்று கூப்பிட்டபோதும் நான் போகவில்லை. போனால் அந்த இடத்தில் யாராவது சிரித்துவிடுவார்கள் என்று பயம். அதனால் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்குக் கிடைக்கவில்லை.

பெண்டாட்டிக்குத் துக்கம் காக்க ஒரு முறை இருக்கிறது. பிள்ளைகளுக்கு இருக்கிறது. கூட நடித்தவளுக்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து அரிசி களைய வேண்டியதுதான்.

சுலைஹா தாத்தா

அவருடைய மனைவி பெயர் சுலைஹா. அக்காவை அவர்கள் தாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். இத்தனை வருடத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான் சந்தித்திருக்கிறோம். நோன்புப் பெருநாளைக்கு அவர் கையால் செய்த வட்டிலப்பம் வரும். தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கு போகும். நடுவில் போய் வந்தது ஹனீபா நானாதான்.

தாத்தா இத்தா இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது அவர்கள் வழக்கம். வெளி ஆண்கள் யாரும் பார்க்க முடியாது, பெண்கள் போய் வரலாம். சில வாரம் கழித்துப் போனேன். வெள்ளை உடுத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேச ஒன்றும் இல்லாமல் முத்தம்மா கதையைச் சொன்னேன். சொல்லத் தொடங்கிய பிறகுதான் என்ன காரியம் செய்கிறேன் என்று உறைத்தது. இவருடைய துக்கத்தை நான் வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறேன் என்று இவரிடமே சொல்கிறேன்.

அவர் கேட்டு முடித்துவிட்டு, "அது எனக்கு வந்த உடுப்பு. கொண்டாங்க," என்றார். அவ்வளவுதான்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் போக்கில்தான் நான் கேட்க வேண்டியதையும் கேட்டேன்.

கண்டியில் நாடக மன்றத்துத் தம்பிமார் ஹனீபா நானாவுக்கு நினைவு விழா வைக்க இருந்தார்கள். பாக்கியமும் வேலுச்சாமியும் மேடையேற வேண்டும் என்றார்கள். வேலுச்சாமியாக நடிக்க நாவலப்பிட்டியில் ஒரு இளைஞனைப் பிடித்திருந்தார்கள். அச்சொட்டாக அதே குரல். போனில் பேசவிட்டார்கள். பாதியில் போனை வைத்துவிட்டேன். வேலுச்சாமி செத்துவிட்டான், இனி அவனை ஒருத்தரும் நடிக்கக் கூடாது என்று சொன்னேன். அப்படியானால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தனியாக நடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வேலுச்சாமியை எடுத்துக்கொண்டு போன பிறகு பாக்கியம் வீட்டில் தனியாக இருக்கிறாள், அதை நடிக்கிறேன் என்றேன்.

சொன்ன பிறகு எனக்குத் தூக்கம் போனது. நான் அழுதால் சனம் சிரிக்கும். அவருடைய மரணத்துக்கு நானே ஆள் சேர்த்துச் சிரிக்க வைத்த மாதிரி ஆகிவிடும். சிரிக்காவிட்டால் அதைவிட மோசம், பாக்கியம் கிழடாகிவிட்டாள் என்று எழும்பிப் போய்விடுவார்கள். ஆனாலும் எனக்கு அதைச் செய்ய வேண்டும். வேறெங்கே நான் அவருக்குத் துக்கம் காக்க முடியும்? மேடையில் மட்டும்தான் நான் அவருக்குப் பெண்டாட்டி.

ஆனால் நிஜப் பெண்டாட்டி உயிரோடு இத்தா இருக்கிறார். அவர் சம்மதம் இல்லாமல் நான் அவர் புருஷனுக்காகச் சனத்தின் முன்னால் விதவையாக நிற்பது எப்படி?

இதைத்தான் தாத்தாவிடம் கேட்டேன். நாடகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை, ரேடியோவில் வந்தாலும் மூடிவிடுவேன் என்றார். வேறு ஒருத்தியைத் தன் புருஷன் பெண்டாட்டி என்று கூப்பிடுவதை எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைத்தாராம். ஊரில் எத்தனை பேர் என்னைக் காட்டி அவரைச் சீண்டியிருப்பார்கள் என்று அப்போதுதான் நினைத்தேன்.

"ஒண்டு கேக்கட்டா? அவர் ஒங்கட கையப் பிடிச்சு நடிச்சீக்கிறாரா?"

"இல்ல தாத்தா. ஒரு நாளும் இல்ல. எட்டி நின்னுதான் எல்லாம். அவரு வச்ச ஏற்பாடு அது."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மை சொல்கிறேனா என்று பார்த்தார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் சம்மதிக்கவில்லை.

"வாணாம் ராஜி. அவர என்னத்துக்கு இன்னொருக்கா மௌத்தாக்கப் போறீங்க?"

 எழும்பி வந்தேன். கண்டிக்கு வரும் பஸ்ஸில் ஒரு பெண்பிள்ளை போனில் எங்கள் பழைய சண்டையின் துண்டு ஒன்றைப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. முன் சீட்டில் நான் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் குரல் என் பிடரிக்குப் பின்னால் பேசிக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து மன்றத்துக்குப் போன் போட்டு, முடியாது என்று சொல்லிவிட்டேன்.  அன்றைக்குச் சோறு இவர்தான் ஆக்கினார்.

குளிசை

ஒரு நாள் மத்தியானம் தாத்தாவே எனக்குப் போன் எடுத்தார். வரச் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

போனேன். முத்தம்மா கொண்டுவந்த சேலையை உடுத்திருந்தார். கட்டிலில் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். அதைத் திறந்து காட்டினார். உள்ளே குளிசைகள். கடையைச் சுத்தம் பண்ணப் போன மகன், மேசை லாச்சியின் அடியிலிருந்து டின்னோடு எடுத்து வந்தானாம். நெஞ்சு வருத்தத்துக்கு டொக்டர் கொடுத்த மருந்துக் குளிசைகள். பாதிக்கு மேல் தொடாமல் கிடந்தன.

விசாரித்ததில் தெரிந்ததாம். நீண்ட நாளாகவே நெஞ்சில் நோவு இருந்திருக்கிறது. தனியாகப் போய்க் காட்டியிருக்கிறார். ஒபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. அந்த நெஞ்சை வைத்துக்கொண்டுதான் பல்லேகலயில் ஒரு கல்யாண வீட்டில் நான் எறிந்த சட்டியைப் பாய்ந்து பிடித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டின்னைத் தூக்கி எறிந்திருப்பேன். தாத்தாவைப் பார்த்து அடங்கினேன்.  அவர் இதுவரை அழுததை நான் பார்க்கவில்லை. அன்றைக்கும் அழவில்லை. கோபம்தான். அடக்கி அடக்கி வைத்த கோபம்.

"நான் ஏச ஏலா ராஜி. மௌத்தானவங்கள ஏசப்படாது. அவங்களுக்காக அல்லாட்ட துஆதான் செய்யோணும். அஞ்சு நேரமும் செய்றேன். ஆனா மனசுக்குள்ள ஏச்சுத்தான் வருது. தொழுகப் பாயில இருந்துகொண்டு ஏசுறேன், பொறகு மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்றேன்."

டின்னை மூடினார்.

"நீங்க போய் ஏசுங்க. ஒங்களுக்கு அங்க ஏசலாந்தானே. வேலுச்சாமியத்தானே ஏசுறீங்க. நல்லா ஏசுங்க."

கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.  என்ன கேட்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள், அது ஒன்றுதான் என்றார்.

திரும்பி வரும்போது நான் செய்ய வேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. அழப் போவதில்லை. என் அழுகைதான் ஏற்கெனவே சிரிப்பாகிவிட்டதே. பாக்கியம் ஏசத்தான் போகிறாள். அவளுக்குத் தெரிந்த ஒரே அன்பு அது.

மேடை

மன்றத்துக்குத் திரும்பவும் போன் போட்டு, வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சாயங்காலம் விழா. மண்டபம் நிறைந்திருந்தது. மாலை போட்ட படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். படத்தை மேடையிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். மன்றத்துத் தம்பிக்கு முகம் சுருங்கியது. வேலுச்சாமியின் கட்டில், முக்காலி, ஒன்றும் வேண்டாம், வெறும் மேடை போதும் என்றேன். மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முப்பது வருடப் பழக்கத்தில் எட்டிப் பார்த்தேன், எதிர்ப்பக்கத் திரைக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

வெளியே வந்தேன். கண்டதுமே சிரித்தார்கள். நான் எதிர்பார்த்ததுதான். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

வழக்கமான சண்டையைத்தான் தொடங்கினேன். மண்ணெண்ணெய் வாங்கப் போன மனுசன் ஊதுபத்தி வாங்கிக்கொண்டு வந்த கதை. எருமை மாடு என்றேன், சிரித்தார்கள். ஊருக்கெல்லாம் வாய், வீட்டுக்கு ஊமை என்றேன், சிரித்தார்கள். நெஞ்சு நோவு என்று ஒரு வார்த்தை சொன்னால் வாய் வெந்தா போயிருக்கும் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். பாதிச் சிரிப்பில் சில பேருக்கு விளங்கியது. குளிசையை டின்னில் போட்டு ஒளித்து வைத்தாயே, அது என்ன, நாங்கள் திருடித் தின்கிற மிட்டாயா என்று கேட்டேன். பின் வரிசையில் ஒருவர் மட்டும் சிரித்தார், பிறகு அவரும் நிறுத்தினார்.

நான் நிறுத்தவில்லை. எனக்கு வந்த ஏச்செல்லாம் ஏசினேன். தாத்தாவின் ஏச்சையும் ஏசினேன். எங்கே என் குரல் முடிந்து அவர் குரல் தொடங்கியது என்று எனக்கே தெரியாது. கடைசியில் கேட்டேன்.

"ஏன்யா சொல்லல? எங்கிட்டயாச்சும் ஏன் சொல்லல?"

கேட்டுவிட்டு நின்றேன். அந்த இடத்தில்தான் எப்போதும் அவர் பதில் சொல்வார். நான் காத்திருப்பேன். அன்றைக்கும் காத்து நின்றேன். நடிக்கவில்லை. மெய்யாகவே காத்து நின்றேன். சனமும் காத்திருந்தது. யாரும் இருமக்கூட இல்லை. இதற்குப் பிறகு என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்பி நடந்து உள்ளே போய்விட்டேன்.

கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோதும் சில பேர் தட்டவில்லை, எழும்பி வெளியே போனார்கள். இது நகைச்சுவையா அக்கா என்று மன்றத்துத் தம்பி கேட்டார். தெரியாது தம்பி என்றேன். என் கணவர் பின்கதவால் வந்து செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தார். அவர் கண் சிவந்திருந்தது. மழை என்றார். வெளியே மழை இல்லை.

அடுத்த நாள் அக்குறணைக்குப் போனேன். தாத்தாவுக்கு இத்தா இன்னும் முடியவில்லை. விழாவுக்கு வந்திருக்க முடியாது. வீடியோ எடுத்திருக்கிறார்கள், போனில் இருக்கிறது என்றேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஏசினீங்களா?"

"ஏசினேன் தாத்தா."

"நல்லா?"

"நல்லா ஏசினேன். ஏன் சொல்லலன்னும் கேட்டேன்."

அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்ன சொன்னாரு?"

 பொய் சொல்லியிருக்கலாம். வேலுச்சாமி மாதிரி ஒரு பதில் என்னால் உண்டாக்க முடியாதா என்ன? ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் முடியவில்லை.

"ஒண்ணும் சொல்லல தாத்தா. எப்பவும் பதில் வச்சிருப்பாரு. நேத்து எவ்வளவு நேரம் நின்னும் ஒண்ணும் சொல்லல."

சுலைஹா தாத்தா என்னை விட்டுப் பார்வையை எடுத்து ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவருடைய உதடு மெல்ல விரிந்தது. அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

"அப்ப அது எங்கட மனிசன்தான்," என்றார். "நான் ஏசினா அவர் ஒரு நாளும் வாய் தொறந்ததில்ல."